மஸ்கட் கீமோ வார்டில் கற்றுக்கொண்டது

வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "அரபுப் பெண்கள் எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடுவார்கள், நோயை மறைப்பார்கள், முற்றிய பிறகுதான் வருவார்கள்." மஸ்கட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்தபோது சீனியர்கள் எனக்குச் சொன்னதும் இதுதான். மார்பகப் புற்றுநோய் வந்த ஓமன் பெண்களோடு சில வருடங்கள் இருந்துவிட்டேன். முற்றிய பிறகு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பது உண்மை. அதற்கெல்லாம் காரணம் விதி என்று சொல்வது நம்முடைய சோம்பேறித்தனம். ஒரு பெண்ணை வீட்டிலேயே உட்கார வைக்கிற குடும்பமும் தொழுகையும்தான், ஒருமுறை அவள் உள்ளே வந்துவிட்டால், கடைசிக் கீமோ வரைக்கும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த வீட்டில் எது எங்கே கைகொடுக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே எங்கள் வேலையில் பாதி. புதிதாகப் போகிற நர்ஸ்களுக்கும், அந்த ஊர் வீடுகளில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல், செய்தியை யாரிடம் சொல்வது என்பது. பயாப்சி ரிசல்ட் வரும் நாளில் மகன் அறைக்கு வெளியே நிற்பார். டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டு, "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள். கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார். கேன்சர் என்று வாயால் சொல்லமாட்டார், "அந்த நோய்" என்பார். நம் வீடுகளிலும் நடப்பதுதான், அதனால் எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கெட்ட செய்தியைத் தாங்குவது ஆண்பிள்ளைகளின் கடமை, அதைத் தாயின் மடியில் கொண்டுபோய் இறக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். அவரோடு சண்டை போட்டால் அடுத்த வாரம் அம்மாவையே அழைத்து வரமாட்டார்.

நிஸ்வா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மார்பை எடுத்த பிறகு கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மகன்கள் மூன்று பேரும் வெளியே. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், என் பிள்ளைகள் பாவம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீயும் சொல்லிவிடாதே." எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெளியே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் புருவம் இல்லை. எனக்குக் கண் இல்லையா?" என்றார். இப்படித் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற அம்மாக்களை அதற்கப்புறம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை அறியாமை என்று நினைத்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தால் அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. பயாப்சி எடுக்கிற அன்றே, ரிசல்ட் என்ன என்று யாருக்கும் தெரியாதபோதே, அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட வேண்டும்: "ரிசல்ட் வந்ததும் உங்களிடம் சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" சிலர் "என்னிடம்தான்" என்பார்கள். சிலர் அண்ணனையோ மூத்த மகளையோ காட்டுவார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான். ஃபைலில் எழுதிவைத்துவிட்டால், பிறகு மகன் வந்து கேட்கும்போது "அம்மாவே இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். தாயின் சொல்லைத் தாண்டிப் பேசும் மகனை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் வயது. மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களின் நடுவயது 60-ஐத் தாண்டும். அரபு நாடுகளில் அது 50-க்குக் கீழே. அங்கே ஜனத்தொகையே இளமையானது என்பது இதற்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும் வார்டில் உட்கார்ந்திருப்பவள் பெரும்பாலும் பாட்டி இல்லை, நாலைந்து பிள்ளைகளின் அம்மா. கடைசிப் பிள்ளை இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கும். கட்டி தட்டுப்பட்டால் பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுப்பாள். இரண்டு வருடம் பாலூட்டுவதை மார்க்கமே சிறப்பாகச் சொல்கிறது. அக்கா தங்கை பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கும் அவள் தாய் முறை ஆகிவிடுவாள், அவள் பிள்ளைகளை அந்தப் பிள்ளை கல்யாணம் பண்ணக்கூடாது. மார்புக்கு அவ்வளவு பெரிய இடம். "இத்தனை பேருக்குப் பால் கொடுத்த எனக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. பாலூட்டுவது ஆபத்தைக் குறைக்கும், அடியோடு இல்லாமல் ஆக்காது என்பதைப் பேறுகாலம் பார்க்கும் நர்ஸ் சொன்னால் போதும். கேன்சர் போஸ்டரைவிட அது நன்றாகப் போய்ச் சேரும்.

தாமதத்துக்கு வெட்கம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. பெண் டாக்டர் இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் கணவர் ராணுவத்திலோ எண்ணெய் வயலிலோ ஷிஃப்டில் இருப்பார். தெற்கே இருக்கும் சலாலாவிலிருந்து மஸ்கட்டுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம்தான், பிள்ளைகளை யார் பார்ப்பது? இதற்கு நடுவில் வைத்தியம் வீட்டிலேயே ஆரம்பித்துவிடும். தேன், கருஞ்சீரகம், மக்காவிலிருந்து வரும் புனித ஜம்ஜம் தண்ணீர், சாம்பிராணியை ராத்திரி முழுக்க ஊறவைத்த தண்ணீர், ஓதிப் பார்ப்பது. சிலர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் புண் ஆறும்வரை கீமோ தள்ளிப்போகும். "நாட்டு வைத்தியம் செய்தீர்களா?" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டால் இல்லை என்பார்கள். "இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டால் எல்லாம் வரும். ஓதுவதும் ஜம்ஜமும் இருக்கட்டும். சூடு, ரத்தம் எடுக்கும் ஹிஜாமா, பெயர் தெரியாத மூலிகைப் பொட்டலம் இந்த மூன்றும் கீமோ முடியும்வரை வேண்டாம். இப்படி எதை விடலாம், எதை விடத் தேவையில்லை என்று பிரித்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள்.

இன்ஷா அல்லாஹ் பற்றிச் சொல்ல வேண்டும். "அடுத்த கீமோவுக்கு 21 நாள் கழித்து வாருங்கள்" என்றால் "இன்ஷா அல்லாஹ்", இறைவன் நாடினால், என்பார்கள். புதிதாக வந்த நர்ஸ்கள் இது நழுவல் என்று நினைத்துக்கொள்வார்கள். 21-ஆம் நாள் காலையில் அவர் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். எந்த நோயையும் மருந்தில்லாமல் இறைவன் படைக்கவில்லை, வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்ற நபிமொழி அங்கே கிழவிகளுக்கும் தெரியும். வைத்தியம் செய்வது நம் பொறுப்பு, குணம் அவன் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துவிடுகிறார்கள். "எனக்கு ஏன் வந்தது?" என்ற கேள்வியில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை நான் அங்கே குறைவாகத்தான் பார்த்தேன். எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்தப் பொறுமையே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்றால் "அல்ஹம்துலில்லாஹ்", எல்லாப் புகழும் இறைவனுக்கே. வாய் முழுக்கப் புண், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அப்போதும் "அல்ஹம்துலில்லாஹ்". முறையிடுவது இறைவனைக் குறை சொல்வது போல ஆகிவிடும் என்று பயம். அதனால் பொதுவாக நலம் விசாரித்துப் பயனில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், மாடிப்படி ஏறினீர்களா என்று கேட்க வேண்டும். கீமோவில் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிரை எடுக்கும். "காய்ச்சல் வந்தால் வாருங்கள்" என்றால் வரமாட்டார்கள். கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்து, 38 (டிகிரி செல்சியஸ்) என்ற எண்ணைக் காட்டி, "இதைத் தொட்டால் வெள்ளிக்கிழமையானாலும் பெருநாளானாலும் ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும்" என்று மகளிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண் பேசினால் அது முறையீடு ஆகாது.

முடி கொட்டுவது பற்றி வெளியாட்கள் நினைப்பது ஒன்று, அங்கே நடப்பது ஒன்று. ஹிஜாப் போடுகிறவளுக்கு முடி போனால் என்ன என்று எங்கள் டாக்டர் ஒருவரே கேட்டிருக்கிறார். தெருவில் யாருக்கும் தெரியாது, சரிதான். முடியைப் பார்ப்பது கணவரும் பிள்ளைகளும் பெண்கள் மட்டும் கூடும் கல்யாண வீடும்தான். அதாவது அவளுக்கு வேண்டப்பட்டவர்கள் அத்தனை பேரும். விக் வைக்கலாமா என்று தயங்குவார்கள், பிறர் முடியைச் சேர்த்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் தடை இருக்கிறது என்பதால். சிலர் மார்க்க அறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்வார்கள், பலர் வீட்டுக்குள்ளும் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்வார்கள். கண் மட்டும் தெரிய முகத்தை மறைக்கும் நிகாப் போடுகிற பெண்களுக்குப் பெரிய இழப்பு புருவமும் இமைமுடியும். வெளியே தெரிவதே அவ்வளவுதானே! புருவத்தில் பச்சை குத்துவது கூடாது என்பதால் பென்சிலால் வரைந்துகொள்ளச் சொல்லிக்கொடுப்போம். முதல் கீமோவுக்கு முன்பே போனில் புருவத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால், பிறகு அதே வடிவத்தில் வரைய உதவும். சில மருந்துகளில் நகம் கறுத்துவிடும், அதற்கு மருதாணி இருக்கிறது. கடையில் விற்கும் கறுப்பு மருதாணி வேண்டாம், அதில் கலக்கும் சாயம் தோலைப் புண்ணாக்கும். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியும் அடர்ந்த மருதாணியில் சில சமயம் தடுமாறும். ஒரு விரலை மட்டும் வைக்காமல் விடச் சொல்வேன்.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். இறுக்கமான கையுறை போலத் தோள்வரை ஒரு உறை கொடுப்பார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதுதான் ஒளு. நாளுக்கு ஐந்து வேளை ஒளு செய்யும் பெண் முழங்கை வரை ஐந்து முறை கழுவுவாள். ஈர உறையை அப்படியே போட்டுக்கொண்டால் தோல் ஊறி, பூஞ்சை பிடித்து, புண்ணாகி, வீக்கம் இன்னும் கூடும். எந்தப் பிசியோதெரபி தாளிலும் இது எழுதியிருக்கவில்லை. உறையைக் கழற்றிக் கழுவி, விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்து, பிறகு போட வேண்டும். மாற்றுவதற்கு இரண்டாவது உறை கட்டாயம் வாங்க வேண்டும். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் அந்தக் கையில் பாரம் விழுந்து வலித்தால் நாற்காலியில் தொழலாம், அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து காயத்து நீரைப் பையில் வடிக்கும் டிரெயின் குழாய் விலாவில் தொங்கும் நாட்களில், ரத்தம் வந்துகொண்டே இருக்கிறதே, ஒளு நிற்காதே என்று தொழுகையை விட்டுவிட்டு அழுவார்கள். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு செய்து தொழுதுகொள்ளலாம் என்று ஓர் இமாம் போனில் சொன்னதும் ஒருவர் வலி மாத்திரையைக்கூடக் குறைத்துக்கொண்டார். நான் கிறிஸ்தவப் பெண். இந்தப் பதில்களை நான் சொன்னால் எடுபடாது, சொல்லவும் கூடாது. யாரிடம் கேட்கலாம் என்ற போன் நம்பரை வைத்திருப்பதுதான் என் வேலை.

நோன்பும் அப்படித்தான். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, குணமான பிறகு விட்ட நோன்பை வைக்கலாம், அதற்கு வழியில்லாதவர்கள் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுத்து ஈடு செய்யலாம். எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் வீடே நோன்பிருக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவது நோயை ஊருக்கே அறிவிப்பது போல இருக்கிறது அவர்களுக்கு. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை நாளுக்கு ஒன்றுதான் என்றால் மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கீமோ நடக்கும்போது நோன்பு பற்றி டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ரேடியேஷனுக்குக் குறி வைக்கச் சின்னப் புள்ளியாகப் பச்சை குத்துவது பல இடங்களில் வழக்கம். இங்கே அதற்கும் தயக்கம். மார்க்கரால் புள்ளி வைத்து மேலே ஒட்டும் படலத்தைப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. முன்கூட்டியே சொல்லாமல் ஊசியை எடுத்தால் அந்தப் பெண் மறுநாள் வரமாட்டாள்.

இனி, எந்தப் புத்தகத்திலும் வராத ஆளைப் பற்றி. ஓமன் வீடுகள் பலவற்றில் நோயாளியோடு வார்டுக்கு வருவது வீட்டு வேலைக்காரப் பெண். மகள்கள் பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விடுவார்கள். ஒருநாள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றவள் நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு வந்து, தான் மட்டக்களப்பு என்றாள். "பையில எவ்வளவு தண்ணி வருதெண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் பாத்து எழுதுறன் அக்கா. மெடத்துக்கு அதைப் பாக்க ஏலாது" என்றாள். டிரெயினை அளப்பது, வாந்திப் பாத்திரம், படுக்கை விரிப்பு எல்லாம் அவள்தான். நாங்கள் அதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் மகனுக்கு! அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் அன்று வீட்டில் உண்மையில் யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்டு, அந்த ஆளையே கூப்பிட்டு உட்கார வைக்க ஆரம்பித்தோம்.

அந்த வேலையில் இருக்கும் நம் பெண்கள் யாராவது இதைப் படித்தால்: கீமோ போட்டு 48 மணி நேரம் வரை நோயாளியின் சிறுநீர், வாந்தி, வியர்வை ஊறிய துணி இவற்றைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் தொடவே வேண்டாம், மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். கழிப்பறையில் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். சிவப்பு நிற மருந்து ஏற்றினால் சிறுநீரும் ஒன்றிரண்டு நாள் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. கையுறை கேட்பதற்குத் தயங்க வேண்டாம், வார்டிலேயே பெட்டியாகக் கொடுப்பார்கள்.

கணவர்கள் பற்றிப் பொதுவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மார்பை எடுத்தால் இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கொள்வார் என்ற பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, அந்தப் பயம் பலித்ததும் உண்டு. மனைவிக்கு முடி கொட்டியதும் தானும் மொட்டை போட்டுக்கொண்டு வந்த சூர் நகரத்து மீனவர் ஒருவரும் உண்டு. இன்னொருவர் என்னிடம் சென்னையில் எந்த ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம் என்று ஒரு மாதம் விடாமல் விசாரித்தார். அங்கிருந்து இந்தியாவுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நிறைய. மார்பு நீக்கிய பிறகு புதிதாக அமைத்துக்கொள்வது அழகுக்காக உடம்பை மாற்றுவது ஆகாது, இழந்ததைச் சரிசெய்வதுதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். இது தெரியாமலே பலர் அதைக் கேட்காமல் விடுகிறார்கள். இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருக்கும் இளம்பெண்ணிடம் கருமுட்டை சேமிப்பது பற்றி முதல் கீமோவுக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். பிறகு பேசிப் புண்ணியமில்லை.

மறைப்பதற்குப் பெரிய காரணம் என் கணக்கில் கணவர் கிடையாது, மகள்கள். அம்மாவுக்கு இருந்தது என்று தெரிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்கள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடக்கும் சமூகத்தில் ஒரு வீட்டுச் செய்தி பத்து வீட்டைத் தொடும். ஆனால் 40 வயதில் நோய் வந்த அம்மாவின் மகளுக்குத்தான் முன்கூட்டியே பரிசோதனை தேவை. "உங்களுக்காகச் சொல்ல வேண்டாம், மகளுக்காக டாக்டரிடம் மட்டும் அழைத்து வாருங்கள்" என்று சொன்னபோது, ஊருக்கே மறைத்த அம்மாக்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வெளிப்படையாகப் பேசியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். ஜித்தாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் சாமியா அல் அமூதி 2006-இல் தனக்கு நோய் வந்ததைச் செய்தித்தாளிலேயே எழுதினார். ஒரு சவூதிப் பெண், தன் பெயரில், தன் மார்பைப் பற்றி எழுதுவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஓமனில் புற்றுநோய்ச் சங்கத்தைத் தொடங்கிய யுதார் அல் ரவாஹியும் நோயிலிருந்து மீண்டவர்தான். மார்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் அந்தச் சங்கத்தின் மேமோகிராம் வண்டி ஊர் ஊராகப் போகிறது. 2015-இல் ரியாதில் 8,264 பெண்கள் கூடி மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமான ரிப்பன் வடிவில் நின்று உலக சாதனை செய்தார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் வார்டில் நான் பார்த்தவரை, இப்ரி பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து அடுத்தடுத்துப் பெண்கள் சீக்கிரமே வர ஆரம்பித்ததற்குக் காரணம், அதே ஊரில் குணமான ஒருத்தி கல்யாண வீட்டில் துணியை விலக்கித் தழும்பைக் காட்டியதுதான்.

சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உம்ராவுக்கு எப்போது போகலாம்?" உம்ரா என்பது மக்காவுக்குப் போகும் புனிதப் பயணம். நோயைச் சமாளித்தவர்களுக்கு அது கொண்டாட்டம், நேர்த்திக்கடன், ஊருக்கு அறிவிப்பு எல்லாம் சேர்ந்தது. வெள்ளை அணு எண்ணிக்கை சரியாகும்வரை அந்தக் கூட்டத்துக்குள் போகக்கூடாது, மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்ரா முடிவில் பெண்கள் விரல் நுனி அளவு முடி வெட்டுவது முறை. "எனக்கு முளைத்ததே அவ்வளவுதான் சிஸ்டர்" என்று சிரித்தார் ஒருவர், அதற்கும் அவர் இமாமிடம் கேட்டு வைத்திருந்தார். விமானத்தில் கை உறையைக் கழற்ற வேண்டாம், மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கூட வரும் மகனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்வோம்: திரும்பும்போது ஜம்ஜம் கேனை அம்மா ஆபரேஷன் பக்கத்துக் கையால் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.